எனக்கு நானே எழுதிக்கொண்ட நற்சான்று

1

எங்கள் ஊரில் நற்சான்று வாங்குவது எப்படி என்று ஆண்டர்சன்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேண்டியவனே எழுதிக்கொண்டு போக வேண்டும். பெரிய மனுஷர் கையெழுத்துப் போட்டு சீல் குத்துவார். என் பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழை நானே எழுதினேன். ‘ஒழுக்கம்: மிக மிக நன்று.’ ஹெட்மாஸ்டர் ஒரு ‘மிக’வை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்தாவதில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவனுக்கு மீதமிருந்த ‘மிக’வே அதிகம்தான்.

போன வாரம் இங்கிலாந்துக்கு வந்து நாலு வருஷம் முடிந்தது. என் மனைவி ரோஸ்லின் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அட்டையில் என் பெயருக்கு நேரே ‘சார்ந்து வாழ்பவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், எங்கள் பேச்சில் மைன்ஸ், ஓடிய காலத்தில் தொழிலாளர் லைன் வீடுகளின் அட்டைகளில் அந்தக் கட்டத்தில் அம்மாக்களின் பெயர்தான் இருக்கும். இப்போது அமல்ராஜ். நான் சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன்.

எனக்கு வேலை கோழிக்கறி ஆலையில். ஓடுகிற பெல்ட்டில் தொடை வந்தால் இடப்பக்கத் தட்டு, இறக்கை வந்தால் வலப்பக்கம். நாள் முழுக்கக் குளிர் அறை. விரல் நுனி எல்லாம் மரத்துப்போய், வீட்டுக்கு வந்து சாவியைப் பிடித்தால் பிடித்த மாதிரியே இருக்காது. ரோஸ்லின் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலை ஒன்று காலி இருந்தது. பகல் ஷிஃப்ட் மட்டும். மகள் ஷெரினைப் பள்ளிக்கூடத்திலிருந்து நானே கூட்டி வரலாம். இல்லாவிட்டால் நானும் ரோஸ்லினும் மாடிப்படியில் ஒருவரை ஒருவர் கடந்து போகும் குடித்தனம்தான்.

விண்ணப்பம் போட்டேன். முன்னால் ஏதாவது மருத்துவ இடத்தில் வேலை பார்த்திருந்தால் அங்கிருந்து ஒரு சான்று வேண்டும் என்று நாலு பக்கப் படிவம் அனுப்பினார்கள். பார்த்திருக்கிறேன். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டாக்டர் தம்பதியின் கிளினிக்கில் மூன்று வருஷம் டோக்கன் கொடுத்திருக்கிறேன். சார் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. கையெழுத்துப் போடக்கூடியவர் மேடம் மட்டும்தான். டாக்டர் சுகந்தி.

எட்டு வருஷமாகப் பேசாதவருக்கு வாட்ஸப்பில் படிவத்தை அனுப்பிவிட்டு, கோழிக்காலைப் பிரிக்கிறபோதெல்லாம் போனைப் பார்த்தபடி இருந்தேன். சாயங்காலம் குரல்செய்தி வந்தது.

“அமல், நல்லா இருக்கியாப்பா? ரோஸ்லின், பாப்பா எல்லாம் சௌக்கியமா? எனக்கு இத ரொப்பறதுக்கு டைம் இல்ல. நீயே எழுதி அனுப்பு, படிச்சிட்டு கையெழுத்து போட்டுத் தரேன்.”

ஊர் வழக்கம் மாறவே இல்லை என்று குதித்தேன்.

2

இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு வரிசை. ஷெரின்தான் படித்துச் சொல்லுவாள். எட்டு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் வாடகைக்கு எடுத்த சைக்கிள் மாதிரி ஓட்டுவாள்.

நேரத்துக்கு வருவாரா? வருவார். பொருட்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாரா? கொள்வார். நோயாளிகளிடம் எப்படிப் பேசுவார்? கலகலப்பாகப் பேசுவார். பெருமையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் பெரிய காலிக் கட்டம் ஒன்று.

“அப்பா, இது லாங் கொஸ்டின். நீ மென், விமென் எல்லாரையும் ஈக்வலா ட்ரீட் பண்ணியா? உங்க டாக்டர்ஸ், பேஷண்ட்ஸ் எல்லாரையும். ஒன் எக்ஸாம்பிள் குடு.”

“குடுக்கறேன் இரு.”

“சொல்லுப்பா.”

“யோசிக்கிறேன்டி.”

“ஈஸி கொஸ்டின்ப்பா. உனக்கு ரெண்டு டாக்டர் இருந்தாங்க இல்ல? ஒரு மேன், ஒரு லேடி. ரெண்டு பேர்க்கும் நீ என்ன செஞ்ச?”

நான் எழுந்து போய் டீ போட்டேன். இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன்.

இந்தப் படிவத்தை யார் தயாரித்தார்களோ, அவர்கள் ஆண்டர்சன்பேட்டைக்கு வந்து கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் அந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள் என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

3

கிளினிக்கில் இரண்டு அறை. சார் எம்.பி.பி.எஸ். மேடம் அதற்கு மேலே மூன்று வருஷம் நுரையீரல் மருத்துவம் படித்தவர். ஆனால் வாசல் போர்டில் சார் பெயர் பெரிதாக, அதன் கீழே மேடம் பெயர், அதன் கீழே ‘பெண்கள், குழந்தைகள் மருத்துவர்’. போர்டு எழுதியவர் யாரையும் கேட்கவில்லை. பொம்பளை டாக்டர் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும் என்று அவரே எழுதிவிட்டார். “பெயிண்டர கூட்டியாந்து அத்த மாத்தச் சொல்லு அமல்” என்று மேடம் என்னிடம் சொல்லியிருந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வருஷத்தை ஓட்டினேன்.

என் மேஜையில் இரண்டு டப்பா. சாருக்கு நீல டோக்கன். மேடத்துக்கு ரோஸ். வருகிறவரைப் பார்த்து எந்த டோக்கன் என்று முடிவு செய்வது நான். சேலை, சுடிதார், கைக்குழந்தை என்றால் ரோஸ். மீசை என்றால் நீலம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கும் ரோஸைக் கொடுத்து அனுப்புவேன். மேடம் பொறுமையாக, “நான் பிரசவம் பாக்கறதில்லம்மா, நெஞ்சு, மூச்சு இதுதான் பாப்பேன்” என்று திருப்பி அனுப்புவார். அவர்கள் வெளியே வந்து என்னை முறைப்பார்கள். “இன்னா தம்பி, லேடி டாக்டருன்னு சொன்ன, பிரசவம் பாக்க மாட்டாங்களாமே? அப்பறம் இன்னா லேடி டாக்டரு?” நான் தோளைக் குலுக்குவேன்.

நெஞ்சும் மூச்சும் பார்க்க எங்கள் ஊரைவிட ஊர் உண்டா? மைன்ஸ் மூடி வருஷம் ஆனாலும் கீழே இறங்கினவர்கள் மூச்சில் அந்தப் பாறைத் தூசி இருந்தது. நாலு படி ஏறினால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேடத்தின் அப்பாவும் சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற கூண்டில் இறங்கி ஏறியவர்தான். அவரும் இருமியே போனார்.

ஒரு நாள் மேடம் ஒரு மெஷின் வாங்கிக்கொண்டு வந்தார். குழாயில் மூச்சை இழுத்து ஊதினால் நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். வியாழக்கிழமை காலை முழுவதும் மைன்ஸ் ஆட்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“அமல், இது உன் கையிலதான் இருக்கு. வியாழக்கிழமை அண்டர்கிரவுண்ட்ல வேலை செஞ்ச யார் வந்தாலும் ரோஸ் டோக்கன். காய்ச்சல்னு வந்தாலும் சரி, கால் வலின்னு வந்தாலும் சரி. மொதல்ல எங்கிட்ட ஊதிட்டு அப்பறம் சார்கிட்ட போகட்டும். ஆறு மாசம் பாக்கறோம். ஆளுங்க வந்தா இத நெஞ்சு கிளினிக்னே போர்டு மாத்திடலாம்னு சார் சொல்லிட்டாரு.”

“ஆச்சு மேடம், ஊரையே ஊத வெச்சிடறேன்” என்றேன். அவர் சிரித்தார்.

4

முதல் வியாழக்கிழமை முதலில் வந்தவர் தாஸ் மாமா. என் அம்மாவின் கூடப் பிறந்தவர். மேடத்தின் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர். மாசக்கணக்காக இருமல். அவர் கையில் ரோஸ் டோக்கனை வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடா இது, பொம்பளைங்க டோக்கன குடுக்கற?”

பெஞ்சில் ஏழெட்டுப் பேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“இன்னா மாமா, எத்தினி மாசம்?” என்றேன்.

பெஞ்சு வெடித்தது. ஒருவர் இருமி இருமிச் சிரித்தார். “தாசுக்கு மாங்கா வாங்கிக் குடுங்கப்பா!” “பொண்ணா பையனான்னு மெஷின்ல ஊதிப் பாக்கறாங்களாம்!” மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரோஸ் டோக்கனை என் மேஜையில் வைத்துவிட்டு, டப்பாவில் கைவிட்டு நீலம் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார்.

“போடா கம்மனாட்டி” என்று என் தலையில் ஒரு தட்டு.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கைதட்டல் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அடுத்து வந்தவரிடமும் கேட்டேன். அதற்கடுத்த வியாழனும் கேட்டேன். ஊரில் கதை பரவி, நான் கேட்பதைப் பார்க்கவே சும்மா வந்து உட்கார்ந்தார்கள் சிலர். டோக்கன் வாங்கத்தான் ஆள் இல்லை. முப்பது வருஷம் பாறை வெடிக்கிற இடத்தில் பயப்படாமல் நின்ற மனுஷர்கள், என்னுடைய ஒரு கேள்விக்குப் பயந்து வியாழக்கிழமையைத் தவிர்த்து வெள்ளிக்கிழமை வந்தார்கள். வந்து நீல டோக்கன் வாங்கிக்கொண்டு, சாரிடம் இருமல் மருந்து எழுதி வாங்கிப் போனார்கள்.

மேடம் வியாழன் தோறும் மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். கதவு பாதி திறந்திருக்கும். பெஞ்சுச் சிரிப்பு அவர் காதில் விழும்; என்ன சிரிப்பு என்று தெரியாது. நான் அப்படித்தான் கலகலவென்று வைத்திருப்பவன் என்று நினைத்திருப்பார்.

மூன்றாம் மாசம் என்னைக் கூப்பிட்டார்.

“அமல், உண்மைய சொல்லு. ஆளுங்க ஏன் வர்றதில்ல?”

அப்போது சொல்லியிருக்கலாம். அதற்கான நேரம் அதுதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, பெரிய ஊர் விஷயம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்:

“நம்ம ஜனங்க அப்டிதான் மேடம். பொம்பள டாக்டர்கிட்ட நெஞ்ச காட்ட வெக்கப்படறாங்க.”

“தாஸ் மாமாவுமா?”

“அவருதான் மேடம் மொதல்ல வேணாம்னாரு.”

மேடம் தலையை ஆட்டினார்.

ஆறு மாசம் ஆனதும் சார் சொன்னது எனக்குக் கேட்டது. “சுகந்தி, ஜனங்களே வரலைன்னா நான் இன்னா பண்றது? எல்லாரும் பிரசவத்துக்குத்தான் கேக்கறாங்க. அதயே பாத்தா இன்னா?” மேடம் சத்தம் போடவில்லை. “நான் படிச்சத பாக்கற எடத்துக்கு போறேன்” என்றார். மெஷினைத் துணி சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தது நான்தான். அடுத்த மாசத்திலிருந்து மேடம் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போக ஆரம்பித்தார். தினமும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் போகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். போக ஒரு மூன்று மணி நேரம், வர ஒரு மூன்று மணி நேரம். ஊர் முழுக்க இருமிக்கொண்டிருக்க, இருமலைப் பார்க்கப் படித்தவர் வேறு ஊருக்கு.

தாஸ் மாமா வருஷக் கடைசியில் ரத்தமாகத் துப்பினார். பெங்களூரில் காட்டியபோது டி.பி. என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு ஊரே வந்தது. மேடம் வரவில்லை. ‘ஒரே ஷிஃப்ட் குடும்பம், ஒரு நடை வரக் கூடாதா?’ என்று அம்மா குறைபட்டாள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

5

இதையெல்லாம் ரோஸ்லினிடம் இதுவரை சொன்னதில்லை. படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் முழித்த பிறகு சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

“எத்தினி மாசம்னா கேட்ட?”

“ம்.”

“பெரியவங்ககிட்ட?”

“ஜோக்குதான் ரோசி.”

“எங்க வார்டுலயும் ஜோக்குதான் பண்றாங்க. நாலு வருஷமா நான் இருக்கேன், போன வருஷம் வந்த ஆம்பள நர்ஸ இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க. ‘உனக்கு ஊட்ல கொழந்த இருக்கே, எதுக்கு டென்ஷன்’னு சிரிச்சிக்கினே சொன்னாங்க. நானும் சிரிச்சிட்டு வந்தேன்.” “நீ சொல்லியிருந்தா உன்ன கட்டியிருப்பனான்னு தெரியல போ.”

அதை விளையாட்டாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அன்று சாயங்காலம் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். டோக்கன், கேள்வி, மேடத்திடம் சொன்ன பொய், எல்லாம். எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தவள் சொன்னாள்: “இத்த அனுப்பு. இந்த ஊர்ல தப்ப ஒத்துக்கினு, அதிலேர்ந்து இத கத்துக்கினேன்னு எழுதினா ரொம்ப மதிப்பு. இன்டர்வியூல தனியா மார்க்கே உண்டு.”

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்த இடத்தில் ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, வேலையும் கிடைத்த மாதிரி ஆச்சு என்று ஒரு கணக்கு ஓடியது.

மேடத்துக்கு அனுப்பினேன்.

6

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. ஊரில் சாயங்காலம். பின்னால் ரயில் சத்தம், யாரோ கடலை விற்கும் சத்தம்.

“அமல், பேசலாமா?”

“சொல்லுங்க மேடம்.”

“அந்தக் கேள்விய மொதல்ல ஆரம்பிச்சது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எல்லார்கிட்டயும் கேட்டியா?”

“வியாழக்கிழமை மட்டும் மேடம்.” வாயைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான் போகிறது.

“ஜனங்க வெக்கப்படறாங்கன்னு சொன்ன.”

“அவங்க வெக்கப்படல மேடம். நான்தான் வெக்கப்படுத்தினேன்.”

ரயில் ஏதோ ஸ்டேஷனில் நின்றது. ஆட்கள் ஏறி இறங்குகிற சத்தம் எல்லாம் கேட்டது.

“நான் நம்ம ஜனங்க மேல இத்தினி வருஷம் கோவமா இருந்தேன் தெரியுமா?” என்றார். “ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல அந்த மனுஷங்க ‘நல்லா கீறியாம்மா’ன்னு கேட்டா மூஞ்சிய திருப்பிக்கினு போவேன். எங்க அப்பா கூட வேலை செஞ்சவங்க. என் கிட்ட நெஞ்ச காட்ட மாட்டீங்க, வணக்கம் மட்டும் எதுக்குன்னு நெனப்பேன். தாஸ் மாமா சாவுக்கு நான் வரல அமல். வேணும்னே வரல.”

“மேடம், மாமா அன்னிக்கே உங்ககிட்ட ஊதியிருந்தா…”

“தெரியாது. தெரிஞ்சிக்கறதுக்கு எனக்கு ஒரு வாய்ப்பு கெடச்சிருக்கும். அவ்ளோதான் சொல்ல முடியும்.”

மன்னிச்சிடுங்க மேடம் என்றேன்.

“இங்கிலீஷ் ரோஸ்லினோடதா?”

“ஆமா மேடம்.”

“நல்லா எழுதிருக்கா. இத படிச்சா உனக்கு வேல குடுத்துடுவாங்க, இல்ல? தப்ப ஒத்துக்கற நல்ல ஆளுன்னு.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நான் தொலைச்சது உனக்கு மார்க்கா வர வேணாம்ப்பா. எங்கிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்லிட்ட. அது போதும். படிவத்த நான் பாத்துக்கறேன்.”

இரண்டு நாள் கழித்துப் படிவம் வந்தது. நேரத்துக்கு வருவார் என்பதை அப்படியே விட்டிருந்தார். பொருட்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார், அதையும் அப்படியே விட்டிருந்தார். கலகலப்பாகப் பேசுவார் என்பதைக்கூட அடிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் நாங்கள் எழுதியது முழுவதும் போயிருந்தது. அவ்வளவு பெரிய கட்டத்தில் அவருடைய ஒரே வரி: ‘தருவதற்கு உதாரணம் இல்லை.’ கீழே கையெழுத்து. டாக்டர் சுகந்தி, நுரையீரல் மருத்துவர்.

ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். “காலியா உட்டிருந்தாகூட மறந்துட்டாங்கன்னு நெனப்பாங்க. இத பாத்தா கூப்பிட மாட்டாங்க. சர்ச் பாஸ்டர கேட்டா வேற சான்று தருவாரு. பழைய எடத்துலேர்ந்து கெடைக்கலன்னா அதுவும் செல்லும்னு போட்டிருக்கு பாரு. நீயே எழுதிக் குடுத்தா கண்ண மூடிக்கினு கையெழுத்து போடுவாரு.”

போடுவார்தான். ரொம்ப நல்ல மனுஷர்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பெல்ட்டில் தொடையை வலப்பக்கத் தட்டில் போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். குளிரில் விரல் மரத்தபோது பாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு தடவை அவர் நம்பரை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மேடம் அனுப்பியதை ஏற்றினேன். கடைசியில் ஒரு சின்னச் சதுரமும் ஒரு வரியும் வந்தன. ஷெரினைக் கூப்பிட்டேன். அவள் உதட்டுக்குள் படித்துவிட்டு, மூன்றாம் பக்கத்துக்குப் போய் அந்த ஒரு வரியையும் படித்தாள். பிறகு அந்தச் சதுரத்துக்கே திரும்ப வந்தாள்.

“அப்பா, உன்னைப் பத்தி இதுல எழுதினது எல்லாம் ட்ரூவான்னு கேக்குது.”

“ம்.”

“ட்ரூவாப்பா?”

“ட்ரூதான்.”

அவள் சதுரத்தைத் தட்ட விரலை நீட்டினாள். கையை மெதுவாகத் தள்ளிவிட்டு நானே அழுத்தினேன்.